இடம் வலமான ஆண்டு

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் முக்கால்வாசி நேரம் நான் கூரை விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கச் சொன்னதே விரிவுரையாளர்தான். கரண்ட் போயிருந்தது. மூன்று தகடுகளும் அசையாமல் நின்றன.

"எல்லாரும் கண்ண மூடுங்க," என்றார்.

மூடினோம். மூலையில் சாத்தியிருந்த, கூட்டும் தும்புத்தடியை அவர் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"திறங்க. இப்ப நான் விசிறியச் சுத்தினனா, இல்லாட்டிச் சும்மா நிண்டனா?"

ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் விசிறி பழையபடியேதான் இருக்கும். ஏதோ நடந்திருக்கிறது, நடந்ததற்கு அடையாளம் இல்லை. அப்படியான செய்கையைத்தான் சமச்சீர்ச் செய்கை என்கிறார்கள். ஒரு பொருளுக்கு உரிய அத்தகைய செய்கைகள் எல்லாம் சேர்ந்தால் அது ஒரு குரூப். ஒன்றைச் செய்து அதன் மேல் இன்னொன்றைச் செய்தாலும் வருவது அதே குரூப்புக்குள் இருக்கும் ஒரு செய்கைதான்.

நான் கை உயர்த்தினேன். "மெடம், ஒண்டும் செய்யாம விட்டா?"

"அதுவும் ஒரு செய்கைதான், டீச்சர். அது இல்லாட்டி குரூப்பே இல்ல."

எழுதிக்கொண்டேன். விளங்கவில்லை.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. களுவாஞ்சிக்குடியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். முதுமாணிப் பட்டப் படிப்பு ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வார இறுதி வகுப்பு என்றதும் சேர்ந்துவிட்டேன். எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் நான் அவரை மெடம் என்றேன், அவர் என்னை டீச்சர் என்றார். எதிருருக்கள் என்னும் ஆடி விம்ப மூலக்கூறுகள் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு கைகளையும் காட்டி, ஒன்று மற்றதன் ஆடி விம்பம், ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது என்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். எனக்கும் விளங்கியிருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். இந்தப் பாடம் தொடங்கிய பிறகு அதுவும் குழம்பிப் போயிற்று.

நீர் மூலக்கூறுக்கு நான்கு செய்கைகள். ஒன்றும் செய்யாதிருத்தல், அரை வட்டம் சுற்றுதல், இரண்டு தளங்களில் கண்ணாடியில் போலத் தெறித்தல். சுற்றிவிட்டு ஒரு தளத்தில் தெறித்தால் மற்றத் தளத்தில் தெறித்ததாக வந்து முடிகிறது. எதை இரண்டு தடவை செய்தாலும் ஒன்றும் செய்யாததாகிவிடுகிறது. எதன் மேல் எதைச் செய்தால் எது வரும் என்ற அட்டவணையைப் பாடமாக்கினேன். பஸ்ஸில் விரல்களை ஒட்சிசன், ஐதரசன் என்று வைத்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

எங்கள் வீடு குருக்கள்மடத்தில். டவுனுக்குப் போகும்போது கடல் வலப்பக்கம், வாவி இடப்பக்கம். திரும்பி வரும்போது மாறிவிடும். பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சிதான். அந்த மாதங்களில் மட்டும், பஸ் சுற்றியதா அல்லது உலகம் தெறித்ததா என்று யோசிக்கத் தொடங்கி, தலை வலியோடு வந்து இறங்குவேன்.

பெரும்போக அறுவடை முடியும் தறுவாயில் என் கணவருக்கு இருமல் தொடங்கியது. அவருக்கு இருமல் புதிதல்ல. கமநல அலுவலராக வேலை, வயல் வட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்ற வேண்டும். நெல் வெட்டு மெசின் கிளப்பும் தூசியில் நின்றால் யாருக்கும்தான் இருமும். வருடம் முழுக்க மூக்கடைப்பு. சட்டைப் பையில் மூக்குத் துடைக்க எப்போதும் இரண்டு லேஞ்சி. ஆனால் இந்த முறை காய்ச்சலும் சேர்ந்து வந்து, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்து டொக்டரின் முன்னால் இருந்தோம். டொக்டர் கணினித் திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். போனை எடுத்து எக்ஸ்ரே அறைக்கு அழைத்தார்.

"தம்பி, இந்தப் படத்த மாத்திப் போட்டிருக்கீங்க போல. இடம் வலம் மாறிக் கிடக்கு."

அந்தப் பக்கத்தில் பதில் கொஞ்சம் சூடாகவே வந்திருக்க வேண்டும். டொக்டர் போனைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தார். பிறகு ஈசிஜி எடுக்க அனுப்பினார். அங்கே இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, கைகளுக்கு மாட்டும் வயர்களை மாற்றி மாட்டிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு இன்னொரு தடவை எடுத்தார். மறுபடியும் அப்படியே வந்தது. அதையும் கொண்டு போய்க் கொடுத்தோம்.

டொக்டர் எழும்பி வந்து ஸ்டெதஸ்கோப்பை இடப்பக்கம் வைத்தார். நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். வலப்பக்கம் கொண்டு போனார். அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கணவர் மெல்லிய குரலில் கேட்டார்: "என்ன டொக்டர், எனக்கு இதயம் இல்லையா?"

"இருக்கு ஐயா. வலப்பக்கத்தில இருக்கு. ஈரல் இடப்பக்கத்தில. உள்ளுக்க எல்லாமே மறுபக்கம். முந்தி ஒருத்தரும் சொல்லல்லையா?"

"சின்ன வயசில ஒருக்காப் படம் எடுத்த. ஆரோ மாத்திப் பிடிச்சுப் பாத்திருப்பாங்க போல."

சற்று நேரத்தில் பயிற்சி டொக்டர்கள் ஆறேழு பேர் வந்து சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவரும் காது வைத்துப் பார்த்தார்கள். கணவர் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, என்ன முகம் வைத்திருப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. சிரிப்பதா பயப்படுவதா?

கல்யாணமான புதிதில் அவருடைய மார்பில் தலை வைத்துப் படுத்திருக்கிறேன். இடப்பக்கம்தான். துடிப்பு ஒழுங்காகக் கேட்காது. மெதுவான இதயம் போலும் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அவர் யன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை, வகுப்புக்குப் போகும் பஸ் தன்னாமுனையைத் தாண்டும்போதே ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளே எல்லாம் ஆடி விம்பம் என்றால், இரத்தத்தில் ஓடும் சீனியும் புரதமும் ஆடி விம்பமா? அப்படியென்றால், மற்றக் கையின் உறை பொருந்தாதது போல, நான் சமைக்கும் சோறு அவருக்குச் செமித்திருக்காதே! வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "உண்மையாவா டீச்சர்?"

"உண்மையா. நான் என்ட காதால கேட்டுப் பாத்திட்டன்."

"அப்ப அவர் ஆடி விம்பம் இல்ல. மூலக்கூறு ஒண்டும் மாறல்ல. எல்லாருக்கும் இருக்கிற அதே கல்லுத்தான். வீட்ட மட்டும் மறுபக்கமாக் கட்டியிருக்கு."

"அப்ப ஆரு மெடம் பக்கத்தத் தீர்மானிக்கிற?"

அவர் யோசித்தார். தனக்கும் சரியாகத் தெரியாது என்றார். பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார்.

அதற்கிடையில் கிளினிக் நாள் வந்தது. இந்த முறை டொக்டர் நிறையக் கேள்வி கேட்டார். சின்ன வயதிலிருந்தே இருமலா, காதில் சீழ் வடிந்ததா, மூக்கு எப்போதும் இப்படித்தானா. எல்லாவற்றுக்கும் ஓம் என்றார் கணவர்.

"அம்மா அப்பா சொந்தமா?"

"ஓம். மச்சான் மச்சாள்."

"பிள்ளைகள் எத்தன பேர்?"

அந்தக் கேள்விக்கு வழக்கமாக நான்தான் பதில் சொல்வேன். அன்றைக்கும் நான்தான் சொன்னேன். "இல்ல டொக்டர்."

டொக்டர் பேனையை வைத்தார். மூச்சுக் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் இருக்கின்றன, அவை அசைந்து அசைந்துதான் சளியை மேலே தள்ளுகின்றன என்று விளக்கினார். பிறப்பிலேயே சிலருக்கு அந்த மயிர்கள் அசைவதில்லை. அதனால்தான் இருமல். ஆணின் விந்தணுவுக்கு இருக்கும் வாலும் கிட்டத்தட்ட அதே அமைப்புத்தான். கருவில் இதயம் எந்தப் பக்கம் போவது என்று முடிவாவதும் அப்படியான மயிர்களால்தான்.

"டெஸ்ட் ஒண்டு செய்து பாப்பம்," என்றார்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்துக்கு மேல். அந்தக் காலத்தில் என்னைப் பார்க்காத கிளினிக் இல்லை. அவரையும் ஒருக்காப் பார்க்க வேண்டும் என்று ஒரு டொக்டர் சொன்னபோது, எங்களோடு இருக்கும் என் அம்மாவே தடுத்துவிட்டார். "ஆம்புளய ஏன் அலைக்கழிக்கிற? குறை உன்னிலதான் இருக்கும்," என்றார். கணவரும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் குடி என்னும் வம்சக் கிளை தாய் வழியாகத்தான் வரும். நான் ஒரே பெண். என்னோடு அது நின்றுபோவதில் அம்மாவுக்குப் பெரிய துக்கம். எனக்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார்.

டெஸ்ட் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. "விந்தணுவுக்கு உயிர் இருக்கு. அசைவு இல்ல," என்றார் டொக்டர். பிள்ளை பெறுவதற்குக் கொழும்பில் ஒரு முறை இருக்கிறது, முந்தியே தெரிந்திருந்தால் நல்லது, இப்போதும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அம்மாவின் வயதையும் யோசிக்க வேண்டும் என்றார். அம்மா என்று அவர் சொன்னது என்னை.

வெளியில் வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். யார் மேல்? அவர் வேண்டுமென்று செய்ததில்லை. அம்மா மேலா? அம்மாவுக்கு என்ன தெரியும்? என்னில் குறை இல்லை என்று ஒரு நிம்மதியாவது வரும் என்று பார்த்தேன். அதுவும் முழுதாக வரவில்லை. இத்தனை வருடமும் குறை என்னுடையது என்று பழகிவிட்டேன். திடீரென்று அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதும் கை வெறுமையாக நிற்பது போல இருந்தது.

வீட்டில் அவரே அம்மாவிடம் சொன்னார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மாமி, குறை எனக்குத்தான். உங்கட மகளுக்கு ஒண்டும் இல்ல."

அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மகன் சொல்றீங்க?"

அவர் மயிர், சளி, இதயம் எல்லாவற்றையும் டொக்டர் சொன்ன ஒழுங்கிலேயே சொல்லிப் பார்த்தார்.

"இதயம் வலப்பக்கம் எண்டா புள்ள ஏன் வராது?" என்றார் அம்மா.

"அது வேற, இது வேற மாமி. ஆனா ரெண்டும் ஒண்டுதான்."

"ஒண்டும் விளங்கல்ல எனக்கு."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை குளித்து, சேலை உடுத்து, கோயிலுக்குப் போக வெளிக்கிட்டவர் படலையில் நின்று என்னைக் கூப்பிட்டார். "இனி நான் என்னத்தக் கேக்கிற புள்ள?" என்றார். கேட்பது போலவும் இருந்தது, தனக்கே சொல்வது போலவும் இருந்தது. பிறகு போகத்தான் செய்தார். என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

கணவர் அதன் பிறகு என்னோடு மிகவும் மரியாதையாகப் பேசத் தொடங்கினார். தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவினார். என்ன கறி என்று கேட்டதே இல்லை. ஒரு வாரம் பொறுத்தேன்.

"ஏன் இப்பிடி விருந்தாளி மாதிரி நடக்கிறீங்க?"

"நீ ஏன் ஒண்டும் சொல்றாய் இல்ல? ஏசன் புள்ள. ஏசினா எனக்குச் சுகமா இருக்கும்."

"என்னத்துக்கு ஏசுற எண்டு தெரியா."

"எனக்கும் தெரியா," என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. அன்றிலிருந்து கோப்பையைக் கழுவாமல் விட்டார்.

விரிவுரையாளர் சொன்னபடி தேடிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். கரு தொடக்கத்தில் இடம் எது வலம் எது என்று அறியாது. ஒரு கட்டத்தில் சின்ன மயிர்கள் எல்லாம் ஒரே திசையில் சுழல, சுற்றியுள்ள நீர் இடப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டத்தால் இதயம் இடப்பக்கம் போகிறது. மயிர்கள் ஏன் அந்தத் திசையில் சுழல வேண்டும்? அவற்றைக் கட்டிய புரதத்துக்கே இடக்கை வலக்கை போல ஒரு கைத்தன்மை உண்டு.

"மயிர் சுத்தாட்டி?"

"அப்ப ஒரு பக்கத்தத் தெரிவுசெய்யக் காரணமே இல்ல, டீச்சர். காசு சுண்டிப் போட்ட மாதிரி. சிலருக்கு வழக்கமான பக்கத்தில விழும். சிலருக்கு மறுபக்கம்."

"அப்ப இதே மயிர் வருத்தத்தோட, இதயம் சரியான பக்கத்தில இருக்கிற ஆக்களும் இருப்பாங்க?"

"இருப்பாங்க. அவங்களக் கண்டுபிடிக்கிறது இன்னும் கஷ்டம்."

திரும்பி வரும் வழியெல்லாம் அதை யோசித்தேன். காசு மறுபக்கம் விழுந்திருந்தால் எங்களுக்கு இது தெரியவே வந்திராது. அது நல்லதா, கூடாததா? தெரியவில்லை. வாவி எந்தப் பக்கம் வந்தது என்றும் அன்றைக்குப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சளியை வெளியேற்றும் பயிற்சி படிப்பித்து, படம் போட்ட ஒரு தாளும் தந்திருந்தார்கள். கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தி, தலை பதிய ஒரு பக்கம் சரிந்து படுக்க வேண்டும். நான் கையைக் கிண்ணம் போலக் குவித்து நெஞ்சில் தட்ட வேண்டும். தாளில் இருந்த ஆள் இடப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தான். "உங்களுக்கு எதிர்ப்பக்கம்" என்று மட்டும் அவர்கள் சொல்லி விட்டிருந்தார்கள். முதல் நாள் காலையில் நான் தாளை மேசையில் வைத்துத் தலைகீழாகத் திருப்பினேன். ஆள் இன்னும் இடப்பக்கம்தான் படுத்திருந்தான். குறுக்காகத் திருப்பினேன். அப்போதும் இடப்பக்கம். எங்கே தட்டுவது, முதுகா நெஞ்சா என்பதும் குழம்பிப் போயிற்று. கட்டிலில் தலை தொங்க அவர் காத்திருந்தார்.

"இந்தப் பக்கம் கிறுகுங்க. இல்ல, அந்தப் பக்கம். பொறுங்க."

"என்ன புள்ள, ரத்தமெல்லாம் தலைக்கு வந்திட்டு."

அவர் எழும்பி வந்து தாளை என்னிடமிருந்து வாங்கினார். யன்னல் கண்ணாடியில் எழுத்துப் பக்கம் வெளியே தெரிய ஒட்டிப் பிடித்தார். வெயிலில் படம் பின்பக்கத்தால் தெரிந்தது. ஆள் வலப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்தான். நான் தட்ட வேண்டிய இடம் இடப்பக்கத்துக்கு வந்திருந்தது.

மாதக்கணக்காக நான் எழுதிப் பாடமாக்கிய விடயம்தான் அது. எத்தனை தடவை சுற்றினாலும் சுற்றல் தெறித்தல் ஆகாது. அது அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்வேன். மேசைக்கு முன்னால் நின்றபோது வரவில்லை. பேனையால் பின்பக்கத்தில் படத்தை அப்படியே வரைந்து சுவரில் ஒட்டினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பாடசாலைக்குப் போகுமுன் தட்டுகிறேன். சளி வருகிறது. இருமல் போகவில்லை, ஆனால் காய்ச்சல் அடிக்கடி வருவதில்லை. வெட்டுக் காலத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் வட்டைக்குப் போகிறார்.

கொழும்புக்குப் போவதா என்று பல தடவை பேசினோம். அவர் "உன்ட விருப்பம்" என்பார், நான் "உங்கட விருப்பம்" என்பேன். ஒரு நாள் வாவிக் கரையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, "எனக்கு இனி ஏலாது," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதுதான் என் விருப்பம் என்று தெரிந்தது. அவர் மீன் பையை வாங்கிக்கொண்டு, "சரி" என்றார். நாங்கள் போகவில்லை. சில நாட்களில் போயிருக்கலாமோ என்று வரும். வந்து போகும்.

குரூப் தியரிப் பரீட்சையில் முதல் முறை தவறினேன். இரண்டாம் முறை எப்படியோ சித்தியடைந்தேன். படிப்பை முடித்துவிட்டேன். இப்போதும் எதிருருக்களைப் படிப்பிக்கும்போது பிள்ளைகள் சுலபமாகத் தலையாட்டினால் எனக்குச் சந்தேகம் வருகிறது. "உண்மையா விளங்கினதா?" என்று கேட்கிறேன். அவர்களும் குழம்பிப் போகிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து சில வேளை கணவருக்கு அழைப்பு வரும். மருத்துவ மாணவர்களின் பரீட்சைக்கு நோயாளியாக வந்து படுக்கச் சொல்வார்கள். அவருக்கு அதில் தனிச் சந்தோஷம். அயன் பண்ணிய சேட்டு, பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு போவார். இதயம் எந்தப் பக்கம் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது.

போன முறை போய்விட்டுப் பின்னேரம் வந்து கதிரையில் சாய்ந்தார்.

"ஒரு புள்ள வந்தா. நம்மட ஊர்ப்பக்கம் போல. இடப்பக்கம் வச்சிக் கேட்டா. மறுகாயும் கேட்டா. முகமெல்லாம் வேர்த்திட்டு. என்ன ஒரு பார்வ பாத்தா புள்ள, எனக்குப் பாவமாப் போயிட்டு."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லக் கூடாதே. வலப்பக்கம் சொறியிற மாதிரிச் சொறிஞ்சன்."

"கண்டுபிடிச்சாவா?"

"தெரியா. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க," என்றார், இன்னும் கவலை தீராத முகத்தோடு.